போலீஸ் ஏலத்தில் எடுத்த பொலேரோவை வீட்டு வண்டியாக்குவது எப்படி: லைட் பாரிலிருந்து டோர் பேட் வரை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் கார் ஒயரிங் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் உள்ள அண்ணாச்சி ஒருவர், ஏலத்தில் எடுத்த பொலேரோவைக் கொண்டுவந்து கடை முன்னால் நிறுத்தினார். மேலே லைட் பார், அதாவது போலீஸ் விளக்கு வைத்த நீளப் பட்டை, அப்படியே இருக்கிறது. பக்கவாட்டில் பாதி கிழிந்த பட்டை. முன் கண்ணாடிக்குக் கல்வீச்சுத் தடுப்புக் கம்பி வலை.

"தம்பி, மேல கிடக்கத களத்திப் போட்டா தீந்துல்லா?" என்றார். அரை நாள் வேலை என்று அவர் கணக்கு. எட்டு நாள் ஆனது. லைட் பாரை இறக்கியது இருபது நிமிஷத்தில். மிச்ச நாளெல்லாம் அது விட்டுப்போன ஓட்டைகளோடும் ஒயர்களோடும்தான் மல்லுக்கட்டினேன்.

ஓட்டையைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் நம் ஊர்தான். கன்னிப்பூ நெல்லுக்கு ஒரு மழை, கும்பப்பூ நெல்லுக்கு ஒரு மழை என்று வருஷத்தில் இரண்டு முறை நனைகிற மாவட்டம் இது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வண்டி ஓடினால் உப்புக்காற்று வேறு. கூரையில் நாலு ஓட்டையை சிலிக்கான் பிதுக்கி அடைத்துவிட்டால் ஒரு ஐப்பசி தாண்டாது. தண்ணீர் ரூஃப் லைனிங்குக்குள் இறங்கி, தூண் வழியாகத் தரைக்குப் போய், கால் விரிப்புக்கு (மேட்) அடியில் தேங்கும். கால் வைக்கும் இடம் பொத்தலான பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

ஏலம் கேட்பதற்கு முன்

கழிவு செய்த போலீஸ் வாகனங்களைப் பொதுவாக ஆயுதப்படை மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பார்க்க விடுவார்கள். முன்பணம் கட்டி, ஏலம் கேட்டு, முழுத் தொகையை ஜிஎஸ்டியோடு கட்டினால் வண்டி கைக்கு வரும். உள்ளது உள்ளபடி விற்பனை. பிறகு போய், இது ஓடவில்லை, அது இல்லை என்று யாரிடமும் கேட்க முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது பதிவுத் தேதி. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் முடிந்த அரசு வாகனத்தின் பதிவு தானாகவே காலாவதி. சட்டம் ஒழுங்குப் பணிக்கான கவச வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. அந்தக் கோட்டைத் தாண்டிய சாதாரண ஜீப்பை எடுத்தால் அது இரும்புக் கடைக் கணக்குதான், ரோட்டில் ஓடாது. விலை மலிவாக இருக்கிறதே என்று கையைத் தூக்குவதற்கு முன், ஓட்டத்துக்கு விற்கிறார்களா, உடைக்க விற்கிறார்களா என்று ஏல அறிவிப்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

வண்டியைப் பார்க்கும்போது எல்லாரும் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பார்கள். நீங்கள் கூரையைப் பாருங்கள். லைட் பார் கூரை ஓரத்து கட்டரில் (மழைத்தண்ணீர் வடியும் விளிம்பில்) கிளாம்ப் போட்டு நிற்கிறதா, தகட்டைத் துளைத்து போல்ட் போட்டிருக்கிறதா? கிளாம்ப் என்றால் உங்களுக்கு நல்ல காலம். போல்ட் என்றால் டிங்கரிங், பெயிண்ட் செலவையும் ஏலத் தொகையோடு மனதுக்குள் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு முன் சீட்டுக்கு அடியில் மேட்டைத் தூக்கிக் கட்டைவிரலால் தகட்டை அழுத்துங்கள். நெளிந்தாலோ பொறுக்கு உதிர்ந்தாலோ அடுத்த வண்டிக்குப் போய்விடலாம்.

கையில் வாங்கிய அன்றைக்கே

பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பெயர் மாற்ற விண்ணப்பம் படிவம் 32. வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட விற்பனை உறுதி உத்தரவு, ஏல ஆணையின் சான்றிட்ட நகல், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கூடவே போக வேண்டும். இன்சூரன்ஸில் ஒரு பொறி இருக்கிறது. அரசு வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து சட்டத்திலேயே விலக்கு உண்டு என்பதால், பல வண்டிகளுக்கு இன்சூரன்ஸே இருக்காது. அந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது. மைதானத்தை விட்டு வண்டி வெளியே வருவதற்கு முன்பே பாலிசி போட்டுவிடுங்கள். நாகர்கோவில் என்றால் டிஎன் 74, மார்த்தாண்டம் என்றால் டிஎன் 75. உங்கள் முகவரி எந்த ஆர்டிஓவில் வருகிறதோ அங்கேயே போய், கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பழைய பேப்பரும் மாஸ்கிங் டேப்பும் கொண்டுபோய் "காவல்" என்ற எழுத்து, சின்னம், லைட் பார் எல்லாவற்றையும் அங்கேயே மூடுங்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், தேருக்குத் துணி கட்டினது மாதிரி. ஆனால் நம்பர் பலகையில் அரசு வண்டிக்கான ஜி எழுத்து, மேலே விளக்கு, உள்ளே லுங்கி கட்டிய நாம். வழியில் மறித்துக் கேட்டால் பதில் சொல்லி மாளாது. விற்பனை உத்தரவின் நகலை டேஷ்போர்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், பெயர் மாறி எல்லாவற்றையும் கழற்றிய பிறகு போங்கள்.

சட்டத்தில் இதில் இழுபறி இல்லை. 2017 மே 1 முதல் சிவப்புச் சுழல் விளக்கு யாருக்கும் கிடையாது. சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு காவல், தீயணைப்பு போன்ற அவசரப் பணி வண்டிகளுக்கு மட்டும். பல குரலில் ஊளையிடும் ஹார்னும் அப்படித்தான், மத்திய மோட்டார் வாகன விதி 119 அதைத் தனியார் வண்டியில் அனுமதிக்காது. சுவிட்ச் போடாமல் சும்மா அழகுக்கு இருக்கட்டும் என்று ஒருவர் கேட்டார். அழகுக்கும் வேண்டாம் என்றேன்.

கழற்றத் தொடங்கும் முன்: போட்டோ, பேட்டரி, பொறுமை

8, 10, 12, 13 ஸ்பானர், நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், பிளாஸ்டிக் டிரிம் லீவர், மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், ஹீட் கன். ஹீட் கன் இல்லாதவர்கள் வீட்டு ஹேர் டிரையரை எடுக்கலாம், கொஞ்சம் நேரம் பிடிக்கும். கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எங்கிருந்து வந்தது என்று எழுதிய சின்ன கவரில் போடுங்கள். மொபைலில் போட்டோ எடுங்கள், குறிப்பாக ஃபியூஸ் பெட்டியையும் ஸ்டீயரிங் அடிப் பக்கத்தையும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை. வண்டியின் சொந்த உபகரணங்கள் ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள்: ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன், பிரேக் லைட், உள் விளக்கு. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால், பின்னால் ஒரு விளக்கு எரியாதபோது அது பழைய கோளாறா, நம் கைவரிசையா என்று தெரியாமல் முழிப்போம்.

லைட் பாரை இறக்குவது

கிளாம்ப் வகையில் நாலு நட்டுதான். உப்புக்காற்றில் அவை இறுகிப்போயிருக்கும். முதல் நாள் சாயங்காலம் டபிள்யூடி-40 அடித்துவிட்டு மறுநாள் காலையில் திருகுங்கள். அவசரப்பட்டு நெம்பினால் போல்ட் தலை முறியும்.

துளைத்துப் போட்ட போல்ட் என்றால் வெளியே திருகத் திருக உள்ளே நட்டும் சேர்ந்து சுற்றும். அதைப் பிடிக்க ரூஃப் லைனிங் இறங்க வேண்டும். சன் வைசர், மேல் கைப்பிடி, உள் விளக்கு, ஓரத்து பீடிங் எல்லாம் கழற்றினால் லைனிங் தொங்கும். பின்பக்கத்தில் தொடங்கி முன்னால் வாருங்கள். தலைக்கு மேலே அழுத்திப் பிடிக்க இன்னொரு ஆள் கட்டாயம், லைனிங் நடுவில் மடங்கினால் அந்தக் கோடு கடைசிவரை மறையாது.

பாரைத் தூக்குவதற்கும் இரண்டு பேர். சுழல் பல்பு வைத்த பழைய வகை கனமானது. தூக்கியவுடன் அடியில் ஒரு கேபிள் கூரைக்குள் போகும். வேகத்தில் இழுத்துவிடாதீர்கள். கனெக்டரைப் பிரியுங்கள். கனெக்டர் இல்லாவிட்டால் ஒரு ஜாண் விட்டு வெட்டி, நுனிகளில் டேப் சுற்றி "கூரை" என்று எழுதுங்கள். அந்த நுனிதான் ஒயரிங் முழுக்க நமக்கு வழிகாட்டும்.

சைரன், மைக், ஹார்ன்

சைரன் என்று நாம் சொல்வது இரண்டு பொருள். டேஷ்போர்டுக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோ ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி, முன் கிரில்லுக்குப் பின்னால் ஒரு ஹார்ன் ஸ்பீக்கர். மைக் தொங்கும் கொக்கி டேஷ்போர்டில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சில வண்டிகளில் ஸ்டீயரிங் ஹார்ன் பட்டனின் ஒயரை வெட்டி சைரன் பெட்டி வழியாகத் திருப்பியிருப்பார்கள். சைரன் ஓடும்போது ஹார்னை அழுத்தினால் குரல் மாறும், சைரன் நின்றிருந்தால் சாதாரண ஹார்ன் அடிக்கும். அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்தால் ஹார்ன் ஊமை. அண்ணாச்சி வண்டியில் அதுதான் நடந்தது. ஹார்ன் போச்சு என்று புது ஹார்ன் வாங்கி மாட்டினேன், சத்தம் வரவில்லை. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச் பெட்டி) மாற்றினேன், அதற்கும் இல்லை. கடைசியில் ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோது, ஒரே நிறத்தில் இரண்டு வெட்டு நுனிகள் விரலில் தட்டுப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்தேன், ஹார்ன் பேசியது. புது ஹார்ன் காசு என் கணக்கில் போனது. அதனால் சைரன் பெட்டியிலிருந்து வருகிற ஒயர்களில் கம்பெனி நிறத்தில் ஒன்று இருந்தால், அதற்கு ஜோடி எங்கே என்று தேடிச் சேர்த்த பிறகு மறு வேலை பாருங்கள்.

வயர்லெஸும் ஆண்டெனாவும்

வயர்லெஸ் பெட்டியைத் துறையே எடுத்துவிட்டுத்தான் பெரும்பாலும் ஏலத்துக்கு விடும். மிச்சம் இருப்பது தாங்கும் இரும்புச் சட்டம், பவர் ஒயர், ஆண்டெனா, அதன் கோஆக்சியல் கேபிள். ஏதோ மறதியில் பெட்டியே உள்ளே இருந்தால் தொட்டுப் பார்க்கவும் ஆசைப்படாதீர்கள். உரிமம் இல்லாமல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஏலம் நடத்திய அலுவலகத்தில் கடிதத்தோடு ஒப்படைத்துக் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் பெட்டி கிடைத்தாலும் இதே வழிதான்.

ஆண்டெனா ஒன்றரை அடி நீளக் கம்பி. அடிப்பாகம் கூரையில் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் ஓட்டையில் உட்கார்ந்திருக்கும். கம்பியைத் திருகி எடுத்து, வளையத்தைக் கழற்றி, கேபிளை உள்பக்கமாக இழுங்கள். ஓட்டையின் விளிம்பைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டியிருப்பார்கள், எர்த் தொடர்புக்காக. அந்த வளையத்தில் துரு கட்டாயம் இருக்கும். அதை அப்புறம் பார்ப்போம்.

ஒயர்: நுனியிலிருந்து பேட்டரிக்கு

முன்பு வேறொரு ஜீப். அதை எங்கேயோ ஒரு பட்டறையில் "கிளீன்" பண்ணிக் கொடுத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்ததை வெட்டி, நுனிக்கு டேப் சுற்றி, டேஷ்போர்டுக்குள் தள்ளியிருக்கிறார்கள். பேட்டரி முனையிலிருந்து நேராக வந்த விரல் கனச் சிவப்பு ஒயர் அப்படியே உயிரோடு இருந்தது, ஃபியூஸ் கூட இல்லாமல். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) இல்லை. தகட்டு விளிம்பில் உரசி உரசி, ஆரல்வாய்மொழி காற்றாலைகளுக்கு நடுவே ஒரு மதியம் புகை கிளம்பியிருக்கிறது. ஓட்டிவந்தவர் பேட்டரி கிளாம்பை வெறும் கையால் பிடுங்கி எறிந்ததால் வண்டி தப்பித்தது. என்னிடம் கட்டி இழுத்து வந்தபோது அந்த ஒயர் கரிந்த முறுக்கு மாதிரி இருந்தது.

ஆகவே முறை இது. நுனியில் தொடங்கிப் பேட்டரி வரை போங்கள். லைட் பார் கேபிள் கூரையிலிருந்து முன் தூண் வழியாக இறங்கும். தூண் டிரிம்மைக் கழற்றிப் பின்தொடர்ந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் பலகைக்கு வரும். அதிலிருந்து ரிலே. ரிலேயின் முதுகில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். 87 சாமானுக்குப் போவது, 30 பேட்டரியிலிருந்து வருவது, 85ம் 86ம் சுவிட்ச் பக்கம். 30ஐப் பிடித்துக்கொண்டே போனால் எஞ்சின் அறைக்குள் ஃபியூஸ், கடைசியில் பேட்டரி முனை. அங்கே நட்டைக் கழற்றி, ஒயரை முழுசாக வெளியே இழுங்கள். துண்டு துண்டாக உள்ளே விடாதீர்கள்.

கம்பெனி ஒயரில் நடுவே ஒட்டுப் போட்ட இடங்கள் இருக்கும். பார்க்கிங் லைட்டிலிருந்து சுவிட்ச் பலகைக்கு வெளிச்சம், இக்னிஷனிலிருந்து ஒரு கிளை என்று. இன்சுலேஷனை வாயால் கடித்து உரித்து, சுற்றி, டேப் போட்டிருப்பார்கள். வியர்வையிலும் ஈரத்திலும் செம்பு பச்சை பூத்திருக்கும். அந்தத் துண்டை வெட்டி நீக்கி, நல்ல செம்பு தெரிகிற இடத்தில் ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். கருப்பு டேப் மட்டும் போதாது, நம் ஊர் வெயிலில் பசை உருகி ஒரு வருஷத்தில் பிரிந்துவிடும்.

எஞ்சின் அறை ஓட்டைக்கு அளவான அடைப்பு குரோமெட் பத்து, இருபது ரூபாய் சமாச்சாரம். அதை அடைக்காவிட்டால் டீசல் நாற்றமும் சூடும் உள்ளே வரும், மழைக்காலத்தில் தண்ணீரும்.

ஓட்டை அடைப்பது

டேஷ்போர்டு ஓட்டை அழகு சம்பந்தப்பட்டது, தகட்டு ஓட்டை ஆயுள் சம்பந்தப்பட்டது. காசு குறைவென்றால் தகட்டுக்கே முதலிடம் கொடுங்கள்.

ஆண்டெனா ஓட்டைக்கு என் முதல் யோசனை, அதை அடைக்காதீர்கள் என்பது. விளிம்புத் துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, ரப்பர் அடியுள்ள எஃப்எம் ஆண்டெனா ஒன்றை அதே இடத்தில் உட்காரவைத்தால் ஓட்டைக்கு ஓட்டையும் அடைந்தது, பாட்டும் கேட்கும்.

மற்ற போல்ட் ஓட்டைகளுக்கு வெல்டிங்தான் நிரந்தரம். கேஸ் வெல்டிங் வேண்டாம். கூரைத் தகடு மெல்லியது, சூட்டில் அப்பளம் மாதிரி நெளியும். சிஓடூ வெல்டிங் உள்ள பட்டறையில், ஓட்டைக்கு அளவாக வட்டத் தகடு வெட்டி, எதிரெதிராகப் புள்ளி புள்ளியாக வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஈரத்துணி வைத்து ஆறவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். லைனிங் முழுக்க வெளியே இருக்க வேண்டும். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் தொடர்பும் கழன்றிருக்க வேண்டும். எர்த் கிளாம்ப் வெல்டிங் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே ஒரு ஆள் வாளித் தண்ணீரோடு உட்காரட்டும், பொறி விழுந்து சீட் எரிந்த கதை கோட்டாறு பட்டறைகளில் நிறையக் கேட்கலாம்.

பிறகு கிரைண்டரில் மட்டம் செய்து, துரு இல்லாமல் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். "நாளைக்கு அடிக்கலாம்" என்று டிங்கர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடற்கரை ஊரில் ராத்திரி திறந்து கிடந்த தகடு காலையில் மஞ்சள் பூசியிருக்கும். பட்டியைத் துருவின் மேலே போட்டால் ஆறு மாதத்தில் குமிழ் விடும். உள்பக்கத்துக்கும் பிரைமர் உண்டு, யாருக்கும் தெரியாத பக்கம்தானே என்று விடுவதுதான் முதலில் துருப்பிடிக்கும்.

ஒரு சின்ன ஸ்க்ரூ ஓட்டைக்கு வெல்டிங் வேண்டாம் என்றால், துரு நீக்கி, பிரைமர் அடித்து, ரப்பர் பிளக்கை பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட்டோடு அழுத்துங்கள். சிலிக்கான் வேண்டாம். அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது.

எழுத்தும் பட்டையும்

ஸ்டிக்கர் என்றால் ஹீட் கன்னில் சூடாக்கி, மூலையைத் தூக்கி, தன் மேலேயே மடித்து மெதுவாக இழுங்கள். மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி போதும், பிறகு சோப்புத் தண்ணீர். பிளேடு போட்டால் பெயிண்ட்டில் கோடு விழும், பழைய ஏடிஎம் கார்டு போதும்.

பெயிண்ட்டால் ஸ்டென்சில் வைத்து எழுதியிருந்தால் தின்னர் தொட்டுத் துடைக்கத் தோன்றும். முதலில் கதவு விளிம்பு மாதிரி மறைவான இடத்தில் தடவிப் பாருங்கள். துணியில் வண்டியின் வெள்ளை நிறம் வந்தால் அடிப்பெயிண்ட்டும் கரைகிறது என்று அர்த்தம். அப்போது 1500, 2000 வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே வழி.

எல்லாம் துடைத்து, தூரத்தில் நின்று பார்த்தால் சுத்தம். மறுநாள் விடியற்காலை பனி படிந்த பானெட்டைப் பார்த்தேன், "காவல்" என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது! எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பனி வேறு மாதிரி படிகிறது. பத்து வருஷம் வெயில் படாத பெயிண்ட் அது, மேலே கண்ணுக்குத் தெரியாத பசைப் படலம் வேறு. ரப்பிங் காம்பவுண்ட் போட்டு பானெட் முழுவதையும், எழுத்து இருந்த இடத்தை மட்டுமல்ல, பஃபிங் செய்து பாலிஷ் போட்ட பிறகுதான் மறைந்தது. கதவில் அதுவும் முடியவில்லை, பேனல் முழுக்கப் பெயிண்ட் அடித்தோம். வெள்ளைதானே, கடையில் எந்த வெள்ளையும் ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். வெயிலில் பழுத்த வெள்ளைக்குக் கொஞ்சம் மஞ்சள் கலக்க வேண்டும். டீசல் டேங்க் மூடியைக் கழற்றிக்கொண்டுபோய் பெயிண்ட் கடையில் ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். நிறத்தையே மாற்ற ஆசை இருந்தால் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும், அது தனிக் கதை.

கண்ணாடி வலையைக் கழற்றியபின் சட்டத்தில் நாலைந்து ஓட்டை நிற்கும். ஓட்டைக்கு மேலே சொன்ன வைத்தியமே.

உள்ளே: டேஷ்போர்டு, டோர் பேட், சீட், தரை

லத்தி செருகும் கிளாம்ப், துப்பாக்கி நிறுத்தும் தாங்கி, மைக் கொக்கி, வயர்லெஸ் சட்டம். எல்லாம் கழன்று வந்த பிறகு டேஷ்போர்டு அம்மைத் தழும்பு முகம் மாதிரி இருக்கும். பட்டி போட்டுப் பெயிண்ட் அடிக்கலாம் என்பார்கள். பிளாஸ்டிக்கில் பட்டி வெயிலில் வெடிக்கும். பழைய வண்டி உடைக்கும் கடைகளில் அதே வருஷ மாடலின் பாகத்தைத் தேடுங்கள். பொலேரோ நம் மாவட்டத்தில் ரப்பர் ஷீட் ஏற்றுவதிலிருந்து கல்யாண வீட்டுக்குச் சாமான் எடுப்பது வரை ஓடுகிற வண்டி, பாகத்துக்குப் பஞ்சமில்லை. முழு டேஷ்போர்டையும் மாற்ற வேண்டியதில்லை, நடு கன்சோலும் ஸ்டீயரிங் கீழ் மூடியும் மாற்றினாலே முக்கால்வாசி ஓட்டை போய்விடும்.

கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றும்போது கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, உள் கைப்பிடி ஸ்க்ரூ முதலில். பிறகு டிரிம் லீவரைக் கிளிப்புக்கு நேர் கீழே கொடுத்து நெம்புங்கள். பேடின் நடுவில் இழுத்தால் கிளிப் தலை பேடோடு பிய்ந்து வரும். பழைய கிளிப்பில் பாதி எப்படியும் உடையும், முன்கூட்டியே ஒரு டஜன் வாங்கி வையுங்கள். பேடுக்கு உள்ளே கதவுத் தகட்டில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிகிறவர்கள் உண்டு. கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் பேடில் படாமல் காப்பது அதுதான். கிழிந்திருந்தால் தடித்த பாலிதீன் வெட்டி ஒட்டுங்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் மண் அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்திவிடுங்கள்.

தரை மேட்டை முழுக்க எடுத்து இரண்டு நாள் வெயிலில் போட வேண்டும். அண்ணாச்சி வண்டியில் மேட்டுக்கு அடியில் கிடைத்தவை: ஒரு விசில், மூன்று பேனா மூடி, காய்ந்துபோன வடைத் துண்டு. தகட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றும் திரவம், பிரைமர், பெயிண்ட் என்ற வரிசையில் போய், காய்ந்த பிறகே மேட் போடுங்கள்.

சீட்டுக்கு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நல்ல தையல் கடைகள் இருக்கின்றன. ரெக்சினை மட்டும் மாற்றாமல் ஓட்டுநர் பக்க ஃபோமையும் பாருங்கள், இருபத்து நாலு மணி நேரமும் யாராவது உட்கார்ந்த சீட் அது. பின்னால் பெஞ்ச் சீட்டைக் கழற்றி நீளச் சீட் போடுவதென்றால் ஆர்சியில் உள்ள இருக்கை எண்ணிக்கை மாறக் கூடாது. ரூஃப் லைனிங் துணி தொங்கினால், சாதாரணப் பசை வேண்டாம். சூடு தாங்கும் காண்டாக்ட் பசை கேட்டு வாங்குங்கள், சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டிக்குள் கை வைத்தால் தெரியும் ஏன் என்று.

ஒப்படைக்கும் முன் இரண்டு சோதனை

முதலாவது மின்கசிவு. எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் இடையில் இணையுங்கள். இந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். கால் மணி நேரம் கழித்து 50 மில்லியாம்பியருக்குக் கீழே இருந்தால் சரி. 300 காட்டினால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி வடிகிறது. 75 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்து நாள் நின்றால் பாதி காலி. ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கள்ளன். எந்த ஃபியூஸுக்கும் விழவில்லை என்றால் பேட்டரி முனையிலிருந்து நேராகப் போகும் ஒயர் இன்னும் ஒன்று எங்கோ மிச்சம் இருக்கிறது.

இரண்டாவது தண்ணீர். லைனிங் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், போட்ட பிறகு செய்து புண்ணியமில்லை. தோட்டத்து ஹோஸைக் கூரையில் கால் மணி நேரம் பிடிக்க, உள்ளே ஒரு பையன் டார்ச்சோடும் டிஷ்யூ பேப்பரோடும் உட்கார்ந்து, அடைத்த இடம் ஒவ்வொன்றையும் ஒற்றிப் பார்க்கட்டும். அண்ணாச்சி வண்டியில் ஐந்து இடம் காய்ந்திருந்தது, ஆறாவது இடத்தில் பேப்பர் நனைந்தது. மறுபடி சீலண்ட், மறுபடி ஹோஸ். எட்டாவது நாள் அப்படி வந்ததுதான்.

கழற்றிய லைட் பார் இன்னும் என் கடை மூலையில் கிடக்கிறது. கேட்டு வராத ஆள் இல்லை. கோயில் கொடை ஊர்வலத்துக்கு, ஆம்புலன்ஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவர், பைக்கில் வைக்க ஒரு பொடியன். யாருக்கும் கொடுக்கவில்லை. ஹார்ன் ஸ்பீக்கரை மட்டும் மைக் செட்காரர் ஒருவர் வாங்கிப் போனார். பாரின் மூடியை உடைத்து, பல்பு ஹோல்டரைத் தனியாக எடுத்து, மிச்சத்தை இரும்புக் கடையில் எடைக்குப் போடப் போகிறேன்.